நீலப் பொட்டு விழுந்த தோட்டா

அத்தியாயம் 5

ஆர்வல் ட்வெய்ட் தன் பூதக்கண்ணாடியை என் கணவனின் தோட்டா மீது வைத்தபோது, நான் அவருக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"என்ன தெரியுது, இன்ஸ்பெக்டர்?"

"தோட்டா தெரியுது."

"அதுக்கு நான் கண்ணாடியே வாங்கித் தந்திருக்க வேண்டாமே."

அவர் சிரிக்கவில்லை. நான் பேசுவதற்கெல்லாம் அவர் பதினோரு வருடமாகச் சிரித்ததில்லை. அதற்காக நான் நிறுத்தியதும் இல்லை.

ட்வெய்ட் முப்பது வருடம் மொன்டானா அரசின் மாட்டு முத்திரை ஆய்வாளராக இருந்தவர். திருட்டு மாட்டின் தோலில் பழைய முத்திரையின் மேல் புதியதைச் சுட்டிருப்பார்கள். அவர் முடியை ஈரமாக்கித் தடவிப் பார்த்து, அடியில் இருப்பது யாருடைய முத்திரை என்று சொல்வார். தோலைப் பார்த்தே மாட்டின் மாமியார் ஊர் வரை சொல்லிவிடுவார் என்று நான் கேலி செய்வேன். கண் மங்கி ஓய்வு பெற்ற பிறகும் மாவட்டத்தில் யாருக்காவது ஒரு விஷயம் புரியாவிட்டால் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். அவருக்கு வண்டி ஓட்டுவதும், அறிக்கை தட்டச்சு செய்வதும், தேவைக்கு மேல் பேசுவதும் என் வேலை.

இந்த முறை வந்திருந்தது என் சொந்த விஷயம்.

பத்தொன்பது நாட்களுக்கு முன்னால், காலை ஏழு மணிக்கு, என் கணவன் ராய்ஸ், வில்லோ கால்வாயின் மூன்றாவது மதகைத் திறக்கப் போனான். அவன் கால்வாய்க் காவலன். செப்டம்பரில் கரையோரக் காட்டுச் செர்ரிப் புதர்கள் பழுத்துத் தொங்கும். அந்தப் புதருக்குள் ஒரு கரடி இருந்தது. ராய்ஸ் மார்புப் பையில் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்திருக்கிறான், விசையை அழுத்தியும் இருக்கிறான். பிறகு வந்து பார்த்தவர்கள், துப்பாக்கி அவன் கையிலேயே இருந்தது என்றார்கள். உள்ளே ஒரு தோட்டா. அதன் அடியில் துப்பாக்கியின் ஊசி ஆழமாகக் குத்திய பள்ளம். தோட்டா வெடிக்கவில்லை. அடுத்ததை ஏற்ற அந்தக் கரடி நேரம் கொடுக்கவில்லை.

மரண விசாரணை வியாழக்கிழமை. ஊர்க்காரர்கள் ஆறு பேர் உட்கார்ந்து கேட்பார்கள். விசாரணை அதிகாரி துப்பாக்கியைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, பத்துத் தோட்டாக்களையும் காகித உறையில் போட்டு ட்வெய்ட்டுக்கு அனுப்பியிருந்தார். ஒரே கேள்விதான். செத்த தோட்டாவை ராய்ஸின் துப்பாக்கிக்குள் வைத்தது யார்?

ஊர் ஏற்கெனவே விடை வைத்திருந்தது. எம்மெட் ஸ்ட்ரான்ட். பள்ளத்தாக்கில் துப்பாக்கிக் கடை வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான். சுட்டு முடித்த பழைய பித்தளை உறைகளில் புது மருந்து நிரப்பி விற்பவரும் அவர் ஒருவர்தான். என் விடையும் அதுவே. வியாழக்கிழமை அவர் பெயரை அந்த ஆறு பேர் சொல்லிக் கேட்பதற்காகத்தான் நான் தினமும் எழுந்து பல் துலக்கிக்கொண்டிருந்தேன்.

ட்வெய்ட் பத்துத் தோட்டாக்களையும் மேசையில் வரிசையாக நிறுத்தினார். "இந்த ஒன்பதும் துப்பாக்கிப் பிடியில சொருகற மேகசின்ல இருந்தது. விளிம்பப் பாரு. வழவழன்னு இருக்கு. இது அந்தப் பத்தாவது."

பத்தாவதன் பித்தளை விளிம்பு எலி கடித்த ரொட்டி மாதிரி இருந்தது.

"துப்பாக்கி ஒரு தோட்டாவ வெளிய இழுக்கறப்ப ஒரு கொக்கி விளிம்பப் பிடிக்கும். ஒரு தடவ இழுத்தா ஒரு கடி," என்றார்.

"இதுல எத்தன கடி?"

"எண்ணல."

நான் அவரைப் பார்த்தேன். வேலியோரம் நிற்கும் கன்றுகளைக்கூட இரண்டு முறை எண்ணுகிற மனிதர் அவர்.

"அப்ப இது பழைய உறை," என்றேன். "பல தடவ சுட்டு, பல தடவ நிரப்பினது. எம்மெட் வேலை."

"அப்படியும் சொல்லலாம்."

"வேற எப்படிச் சொல்லுவாங்க?"

பதிலுக்குப் பதிலாகத் தோட்டாவைத் திருப்பிக் காட்டினார். ஈயக் குண்டின் தட்டை மூக்கில், கடுகில் பாதி அளவுக்கு, ஒரு நீலப் பொட்டு ஒட்டியிருந்தது.

எம்மெட்டின் கடைப் பின்னறையில், தோட்டா நிரப்பும் இரும்புப் பிரஸ் ஒன்று மேசையில் பூட்டியிருக்கும். அதன் நிறம் நீலம். அது ஊருக்கே தெரியும்.

"கோட்டை எடுங்க, இன்ஸ்பெக்டர்."

"நான் மட்டும் போய்ட்டு வரேனே, வெர்னா."

"உங்க கண்ணுக்கு நீங்க ஓட்டினா கடைக்குப் போக மாட்டீங்க. கால்வாய்க்குள்ளதான் போவீங்க."

அவர் கோட்டை எடுத்துக்கொண்டார். வழி முழுவதும் பேசவில்லை. நான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசினேன்.

எம்மெட்டின் கடைக் கல்லா மேல் தோட்டாப் பெட்டிகள் தாறுமாறாகக் குவிந்து கிடந்தன. விற்பதற்கு வைத்தவை அல்ல. ஊர்க்காரர்கள் கொண்டுவந்து வீசிவிட்டுப் போனவை. ஒரு பெட்டியில் யாரோ பென்சிலால் 'நீயே சுட்டுக்கோ' என்று எழுதியிருந்தார்கள்.

எம்மெட் எழுபதை நெருங்குபவர். துப்பாக்கிக் கடைக்காரர்களுக்கே உரிய மாதிரி இடது காது செவிடு. என்னைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார்.

"உக்காரு வெர்னா."

"நிக்கறேன். ராய்ஸுக்கு நீங்க என்ன தோட்டா குடுத்தீங்கன்னு சொல்லுங்க. முதல்லருந்து."

அவர் ட்வெய்ட்டைப் பார்த்தார். ட்வெய்ட் தலையசைத்தார்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்தான். எதுக்குன்னு கேட்டேன். கரடிக்குன்னான். அப்ப விரியற குண்டு வேணாம்னேன். அது மேலேயே பூ மாதிரி விரிஞ்சு நின்னுடும். கரடிக்குத் தோலு, கொழுப்பு, எலும்புன்னு எத்தன சுவரு இருக்கு. கெட்டியான தட்டை மூக்குக் குண்டுதான் உள்ள போகும்."

"மேல சொல்லுங்க."

"அப்புறம், நல்ல தோட்டாவா இருந்தா மட்டும் பத்தாது, உன் துப்பாக்கி அதச் சாப்பிடணும்னேன். சிலதுக்குத் தட்டை மூக்கு தொண்டைல சிக்கும். ஒரே தொகுதியாப் பாத்து இருநூறு எடுத்துட்டுப் போனான். சரளைக் குழியில நின்னு அத்தனையும் சுட்டான். கையுறை போட்டுச் சுட்டான், ஒத்தைக் கையில சுட்டான், மழையில நனையவிட்டுச் சுட்டான். ஒண்ணுகூடச் சிக்கல. சிக்கியிருந்தா அந்தத் தொகுதியே வேணாம்னு சொல்லியிருப்பேன். அவன மாதிரி பொறுமையா தோட்டா எடுத்தவன நான் பார்த்ததில்ல. கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கறப்பகூட இப்படிப் பாத்திருக்க மாட்டான்."

"பாக்கல. அது எனக்கே தெரியும்."

எம்மெட்டின் வாய் ஓரம் அசைந்து நின்றுவிட்டது.

"அப்ப நீங்க நிரப்பினதக் குடுக்கல?"

"நான் நிரப்பறது டின் டப்பா சுட. உயிர் போற இடத்துக்கு எப்பவும் கம்பெனித் தோட்டாதான். அவங்க தோட்டா அடியில ஊசி குத்தற பிரைமரச் சுத்தி சிவப்பு அரக்கு வெச்சு அடைச்சிருப்பாங்க. ஈரம் போகாது. என்கிட்ட அந்த அரக்கும் இல்ல, பூசற கருவியும் இல்ல. அத எல்லாருக்கும் சொல்லித்தான் விக்கறேன்."

"நல்லா மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கீங்க, எம்மெட். வியாழக்கிழமைக்கு உதவும்."

பத்தாவது தோட்டாவைப் போட்டுக் கொண்டுவந்த காகித உறையைக் கவிழ்த்தேன். தோட்டா கல்லா மேல் உருண்டு அவர் விரலில் முட்டி நின்றது.

"பழைய உறை, மூக்குல நீலப் பெயின்ட். உங்க பின்னறையில இருக்கற பிரஸ் என்ன நிறம்?"

எம்மெட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, தோட்டாவை விளக்கடியில் பிடித்து, விளிம்பை நகத்தால் மெல்லச் சுற்றினார். ஒரு முழுச் சுற்று. பிறகு இன்னொன்று. நிமிர்ந்து ட்வெய்ட்டைப் பார்த்தார். ட்வெய்ட் சன்னலுக்கு வெளியே, எதுவும் போகாத சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெர்னா," என்றார் எம்மெட். "சாயங்காலம் வீட்டுக்கு வந்தா ராய்ஸ் துப்பாக்கிய என்ன பண்ணுவான்?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"சும்மா சொல்லேன்."

எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. பெருமையாகவே சொன்னேன். "கதவுக்கு வெளியிலேயே காலி பண்ணுவான். மேகசின உருவிட்டு, உள்ள இருக்கறத இழுத்து, வாசல்ல இருக்கற குவளையில விழவைப்பான். அப்புறம்தான் உள்ள வருவான். எங்க அப்பா துப்பாக்கி ஆணியிலருந்து நழுவி ரொட்டி டப்பாவச் சுட்டுச்சு, எங்க அக்கா தலைக்கு ஒரு சாண் தள்ளி. என் சமையலறைக்குள்ள நிறைஞ்ச துப்பாக்கி வரக்கூடாது. அது என் வீட்டுச் சட்டம்."

"தினமுமா?"

"தினமும்."

"காலையில?"

"குவளையில கிடக்கறத மேகசின் தலையில வெச்சு அழுத்தி, ஸ்லைட இழுத்து விட்டு அத உள்ள ஏத்திக்கிட்டுக் கிளம்புவான். ஏன் கேக்கறீங்க?"

எம்மெட் தோட்டாவைக் கீழே வைத்தார். மிக மெதுவாக, முட்டையை வைப்பது போல.

"இது என்னோடதுதான்," என்றார். "இப்ப ஞாபகம் வருது. போன வருஷம் கம்பெனிப் பெட்டி தீர்ந்துபோச்சு. ராய்ஸ் அவசரம்னான். நான் நிரப்பினதுல பத்து எடுத்துக் குடுத்தேன். பிரைமர்ல எண்ணெய்க் கை பட்டிருக்கும். தப்பு என்னோடது. வியாழக்கிழமை வந்து நானே சொல்லிடறேன்."

பத்தொன்பது நாட்களாக நான் காத்திருந்த வாக்கியம். அது வந்துவிட்டது. உள்ளே ஏதாவது இறங்கும், ஏதாவது ஆறும் என்று நின்றேன். பக்கத்து அறையில் கடிகாரம் ஓடுவது கேட்டது.

"சரி, முடிஞ்சுது," என்றார் ட்வெய்ட். "கிளம்பலாம், வெர்னா."

அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததே இல்லை. மாடு திருடியவன் கையெழுத்துப் போட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்து வானிலையைப் பற்றிக் கேட்பவர்.

தோட்டாவை எடுத்து உறையில் போடப் போனேன். அடிப்பக்கம் மேலே திரும்பியிருந்தது. ஊசி குத்திய பள்ளத்தைச் சுற்றி, மயிரிழை அளவுக்கு, ஒரு சிவப்பு வளையம்.

"எம்மெட். அரக்கு இல்லன்னு சொன்னீங்களே."

அவர் செவிட்டுக் காதை என் பக்கம் திருப்பினார்.

"இந்தக் காதுகிட்ட நான் பேசல. இதுல சிவப்பு வளையம் எங்கருந்து வந்துது?"

நான் கல்லாவைச் சுற்றிப் பின்னறைக்குள் போனேன். யாரும் தடுக்கவில்லை. பிரஸ்ஸின் கைப்பிடியருகே தோட்டாவைப் பிடித்துப் பார்த்தேன். பிரஸ் இரவு வானம் மாதிரி அடர் நீலம். பொட்டு வெளுத்த நீலம். அந்த வெளுத்த நீலத்தை நான் தினமும் பார்த்திருக்கிறேன். வாசலில், கதவுக்கு இடப்பக்கம், ஒரு பெஞ்சின் மேல் இருக்கும் எனாமல் குவளையில்.

திரும்பி வந்தபோது இருவரும் அப்படியே நின்றிருந்தார்கள்.

"எத்தன கடி, இன்ஸ்பெக்டர்?"

"எண்ணல."

"பொய் சொல்றீங்க."

"எண்ண முடியல," என்றார். "கடி மேல கடி. பத்து வருஷமா ஒரே மாட்டுக்கு எல்லாரும் முத்திரை குத்தின மாதிரி."

பிறகு எம்மெட் என்னிடம் சொன்னார். கேட்கும் காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்.

"பிரைமருக்குள்ள இத்துணூண்டு மருந்துதான் இருக்கும். ஸ்லைடு ஒவ்வொரு தடவ தோட்டாவ உள்ள அடிக்கறப்பவும் அது கொஞ்சம் அதிரும். ஒரு தடவ, பத்து தடவ ஒண்ணும் ஆகாது. அதே தோட்டாவ நூத்துக்கணக்குல அடிச்சா மருந்து உதிர்ந்து ஒதுங்கிடும். அப்புறம் ஊசி குத்தினாலும் குத்தற இடத்துல ஒண்ணும் இருக்காது. நல்ல தோட்டாதான். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பள்ளத்தாக்குலயே நல்ல தோட்டா."

"தெரிஞ்சும் ஏன் அவன்கிட்ட சொல்லல?"

"இங்க யாரும்மா தினம் காலி பண்றாங்க? நெறச்சு வெச்ச துப்பாக்கிய அப்படியே ஆணியில மாட்டிட்டுச் சாப்பிட உக்காந்துடுவாங்க. வாரத்துக்கு ஒருதரம் மேல இருக்கறத அடியில மாத்துன்னு யாருக்கும் சொல்ல வேண்டி வந்ததில்ல. ராய்ஸும் அத மத்தவங்கள மாதிரி மாட்டுவான்னு நெனச்சேன். கேட்டிருக்கணும். அந்த அளவு என் தப்புதான், அத வெச்சுக்கறேனே."

"கடைய என்ன பண்ணுவீங்க?"

"மூடப்போற கடைதான். எனக்கு யாரு இருக்கா? என் பேர்ல போகட்டும் வெர்னா. நீ இன்னும் எத்தனையோ வருஷம் அந்தச் சமையலறையில இருக்கணும்."

கல்லா மேல் கிடந்த பெட்டிகளைப் பார்த்தேன். நீயே சுட்டுக்கோ.

"வியாழக்கிழமை நீங்க வாயத் திறக்கக் கூடாது," என்றேன்.

"அதுல யாருக்கு என்ன நல்லது?"

"யாருக்கும் இல்ல."

வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"காலையில. கண்ணாடிய வெச்சதும்." ட்வெய்ட் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டார். "உன் வீட்ல எத்தன தடவ சாப்பிட்டிருக்கேன். வெளிய குவளையில தோட்டா விழற சத்தம் கேட்டதும்தான் நீ சூப் ஊத்துவ."

"அப்புறம் ஏன் என்ன இங்க வரவிட்டீங்க?"

"எம்மெட் வேற ஏதாவது சொல்லுவான்னு ஒரு ஆசை. நான் பார்த்தது தப்பா இருக்கும்னு. முப்பது வருஷத்துல முதல் தடவையா அப்படி ஆசைப்பட்டேன்." தொப்பியின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "அவன் சொன்னான். நீதான் விடல," என்றார்.

கிண்டலாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் இல்லை. பதினோரு வருடத்தில் முதல்முறையாக அந்த வண்டி சத்தமில்லாமல் வீடு வந்து சேர்ந்தது.

அவர் உள்ளே வரவில்லை. அறிக்கைப் படிவத்தையும் உறையையும் என் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்துத் தெருவிலிருக்கும் தன் வீட்டுக்கு வேலியைத் தடவிக்கொண்டே நடந்து போனார்.

குவளை பெஞ்சின் மேல் இருந்தது. அதற்குள் நான் பார்த்ததே இல்லை. பார்க்க என்ன இருக்கிறது? உள்ளே, அடியில், நீல எனாமல் முழுவதும் பெயர்ந்து கட்டைவிரல் அகலத்துக்குக் கறுத்த இரும்பு தெரிந்தது. அந்த வட்டத்தின் ஓரங்களில் நீலம் செதில் செதிலாக நின்றது. ஒரே இடத்தில், ஒரே உயரத்திலிருந்து, இரண்டு வருடம் விழுந்த இடம். அவன் எதையும் ஒழுங்காகச் செய்பவன்.

உறையிலிருந்து தோட்டாவை எடுத்து, அவன் கை இருந்திருக்கும் உயரத்தில் பிடித்து, விட்டேன்.

டிங்.

நான் கதவைத் திறந்து உள்ளே போய், அடுப்புக்கு மேல் தொங்கும் கரண்டியைக் கையில் எடுத்திருந்தேன். அடுப்பில் எதுவும் இல்லை. பத்தொன்பது நாட்களாக எதுவும் இல்லை.

கரண்டியை மாட்டிவிட்டு, தட்டச்சு இயந்திரத்தை மேசைக்கு இழுத்தேன். ட்வெய்ட்டிடம் இருந்தது பழைய மாட்டு முத்திரைப் படிவம்தான். எல்லா அறிக்கைகளுக்கும் அதையே பயன்படுத்துவார். கண்டெடுத்த இடம், வில்லோ கால்வாய், மூன்றாவது மதகு. கண்டெடுத்த பொருள், தோட்டா ஒன்று, கம்பெனித் தயாரிப்பு, பழுதற்றது. விற்றவர் மேல் குறை, இல்லை. அடையாளங்கள், விளிம்பில் எண்ண இயலாத கடிகள், மூக்கில் நீல எனாமல்.

கடைசிக் கட்டம், முத்திரை யாருடையது. பதினோரு வருடமாக நான் நிரப்பிவந்த கட்டம். எத்தனையோ பேர் பெயரை அதில் அடித்திருக்கிறேன், ஒரு முறைகூட விரல் நின்றதில்லை.

இந்த முறையும் நிற்கவில்லை. வெர்னா ஹால்வர்சன் என்று அடித்தேன். எழுத்துப்பிழை இருக்கிறதா என்று படித்துப் பார்த்தேன். இல்லை.